வயசு காரணமல்ல, வேகம்தான் காரணம்: 90-களின் 'கேலகா' கேம் இப்போது ஏன் கைக்கு அடங்க மாட்டேங்குது?

சேலம், நாமக்கல் பக்கம் 90-களில் வளர்ந்தவர்களிடம் டிவி கேம் என்று சொன்னால் நாலைந்து பெயர்கள் சட்டென்று வரும். மரியோ, கான்ட்ரா, டேங்க் சண்டை போடும் பேட்டில் சிட்டி, அப்புறம் விண்கலத்தை இடமும் வலமும் நகர்த்தி மேலே வரிசை கட்டி நிற்கும் பூச்சிகளைச் சுடும் கேலகா.

அதே கேலகாவை இன்று புது டிவியிலோ கம்ப்யூட்டரிலோ மீண்டும் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கிறது. அன்று பத்துப் பன்னிரண்டு நிலை வரை சாதாரணமாகப் போன கை, இன்று மூன்றாவது நிலையைத் தாண்டுவதற்குள் எல்லா விண்கலத்தையும் இழந்துவிடுகிறது. 'வயசாயிடுச்சு' என்று சிரித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் அதிகம்.

ஆனால் இதில் வயதின் பங்கு ரொம்பக் குறைவு. அன்று நம் வீடுகளில் ஓடிய கேலகாவும் இன்று விற்கப்படும் கேலகாவும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதுதான் முக்கியக் காரணம். அது எப்படி என்று விரிவாகப் பார்க்கலாம்.

கேலகா என்ன மாதிரியான கேம்?

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' உலகம் முழுக்க விண்வெளிச் சண்டை கேம்களுக்கு வழி போட்டது. அதற்குப் பதிலாக நாம்கோ நிறுவனம் 1979-இல் 'கேலக்ஸியன்' கேமையும், அதன் தொடர்ச்சியாக 1981-இல் 'கேலகா'வையும் கொண்டுவந்தது. காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்துக்காகச் செய்யப்பட்ட கேம் இது. வீட்டு டிவியில் விளையாடும் நின்டெண்டோவின் 'ஃபேமிகாம்' கருவிக்கு 1985-இல் வந்தது. 2012-இல் வெளியான 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில், பறக்கும் போர்க்கப்பலுக்குள் ஊழியர் ஒருவர் திருட்டுத்தனமாக விளையாடி மாட்டிக்கொள்வதும் இதே கேம்தான்.

விதிகள் எளிமையானவை. ஒரு நிலையில் மொத்தம் 40 எதிரிகள். கீழ் வரிசைகளில் தேனீக்கள் 20, நடுவில் வண்ணத்துப்பூச்சிகள் 16, உச்சியில் தலைவர்கள் 4. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஒரு குண்டு போதும். தலைவனுக்கு இரண்டு குண்டு வேண்டும். வரிசையில் நிற்கும் தேனீயைச் சுட்டால் 50 புள்ளி. பாய்ந்து வரும்போது சுட்டால் 100.

கேலகாவைத் தனித்து நிறுத்தியது ஒரே ஒரு யோசனை. தலைவன் கீழே இறங்கி ஒரு ஒளிக்கற்றையை விரிப்பான். அதில் சிக்கினால் நம் விண்கலம் அவன் கைக்குப் போய்விடும். அடுத்த விண்கலத்தில் வந்து, அந்தத் தலைவன் பாயும்போது அவனை மட்டும் குறிபார்த்துச் சுட்டால், பிடிபட்ட கலம் திரும்பி வந்து நம்மோடு ஒட்டிக்கொள்ளும். இரட்டைக் கலம், இரட்டைக் குண்டு. குறி தவறிப் பிடிபட்ட கலத்தையே சுட்டுவிட்டால் அது போயே போச்சு.

தெரிந்தே ஒரு உயிரை விட்டுக்கொடுத்து, பிறகு இரண்டாக மீட்டுக்கொள்ளும் இந்தச் சூதாட்டம்தான் கேலகாவின் உயிர். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் 'விட்டுக்குடுடா, அப்பறம் புடிச்சிக்கலாம்' என்று யோசனை சொல்வதும் இந்த இடத்தில்தான்.

ஜப்பான் கேம் நம்ம ஊருக்கு எப்படி வந்தது?

ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கா, ஐரோப்பாவில் அதுவே 'என்.இ.எஸ்.' என்ற பெயரில் போனது. இந்தியாவில் நின்டெண்டோ பெரிய அளவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் கருவிகள். தைவானின் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் ஃபேமிகாம் சில்லுகளின் நகல்களைத் தயாரித்தன. அவற்றை வைத்து உலகம் முழுக்கப் பல பெயர்களில் பெட்டிகள் வந்தன. ரஷ்யாவில் 1992 முதல் விற்ற 'டெண்டி' அப்படிப்பட்டதுதான். இந்தியச் சந்தையில் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்', 'டெர்மினேட்டர் 2' போன்ற பெயர்கள் பழக்கமாயின.

நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்றுதான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன்பு இந்தச் சமவெளி முழுக்க ஒரே மாவட்டம். லாரித் தொழிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் வட இந்தியா வரை போய்வரும் பகுதி. சென்னை பர்மா பஜார், டெல்லி பாலிகா பஜார் போன்ற சந்தைகளில் கிடைத்த எலக்ட்ரானிக் சாமான் ஊர் வந்து சேருவது இங்கே பெரிய காரியமல்ல. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடும் கடைகள் இருந்தன. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, மே மாத விடுமுறை என்றாலே இந்தப் பெட்டிதான்.

'9999999 இன் 1' கேசட்டில் உண்மையில் எத்தனை கேம்?

கேசட் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பட்டியலில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் ஓடும். உள்ளே இருப்பதோ சில கேம்கள் மட்டும். அதே கேமை இரண்டாம் நிலையிலிருந்து தொடங்க வைத்தோ, வேகத்தை மாற்றியோ, புதுப் பெயர் கொடுத்து அடுத்த வரியில் போட்டிருப்பார்கள்.

இந்தக் கேசட்டுகளில் கேலக்ஸியன், கேலகா, பேட்டில் சிட்டி தவறாமல் இடம்பிடித்ததற்கு ரசனை மட்டும் காரணமல்ல. அளவுதான் காரணம். ஃபேமிகாம் கேலகா மொத்தமே 24 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவில் இதைப்போல நூறு கேலகாவை அடக்கலாம். பெரிய கேம்களின் கேசட்டுக்குள் கூடுதல் சில்லு வேண்டியிருந்தது. கேலகாவுக்கு அது தேவையில்லை. அதனால் நகல் எடுப்பவர்களுக்கு வேலையும் சுலபம், செலவும் குறைவு. நம் தலைமுறைக்கு எந்தக் கேம் பிடித்துப்போக வேண்டும் என்பதைக் கொஞ்சம் கேசட் கொள்ளளவே முடிவு செய்தது எனலாம்.

நம்ம ஊர் கேலகா ஏன் மெதுவாக ஓடியது?

இதுதான் விஷயத்தின் மையம். அந்தக் கால டிவி கேம்கள் டிவியின் படத் துடிப்பை நம்பி ஓடின. டிவி ஒரு படத்தைக் காட்டி முடித்ததும் கேம் ஒரு படி நகரும். அடுத்த படம், அடுத்த படி. எதிரி, குண்டு, விண்கலம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நகர்கின்றன.

ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றின. அதில் நொடிக்கு ஏறக்குறைய 60 துடிப்பு. இந்தியா பி.ஏ.எல். முறையைத் தேர்ந்தெடுத்தது. இதில் நொடிக்கு 50 துடிப்பு. டிவி முறைகள் உருவான காலத்தில் அந்தந்த நாட்டு மின்சாரத்தின் துடிப்பை ஒட்டியே இந்த எண்கள் அமைந்தன. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 50. மேட்டூரில் உற்பத்தியாகி வீட்டுக்கு வரும் கரண்டும் அதே 50 ஹெர்ட்ஸ்தான்.

பி.ஏ.எல். டிவிக்காகச் செய்த நகல் கருவிகள், ஜப்பான் கேமை ஒரு எழுத்தும் மாற்றாமல் 50 துடிப்பில் ஓட்டின. கேமுக்கு அது தெரியாது. நொடிக்கு 60 படி நகர வேண்டியது, 50 படி மட்டுமே நகர்ந்தது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தது.

கணக்கு இப்படி வரும்:

• ஜப்பானில் 10 நொடியில் முடியும் ஒரு காட்சி, நம் வீட்டில் 12 நொடி ஓடியது.

• எதிரியின் குண்டு நம்மை வந்தடைய 60 படி ஆகும் என்றால், அங்கே 1 நொடி. இங்கே 1.2 நொடி.

• கண்ணால் பார்த்துக் கை பட்டனை அழுத்த மனிதருக்குச் சுமார் 0.2 முதல் 0.25 நொடி ஆகும். அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் ஏறக்குறைய ஒரு முழு எதிர்வினைக்கான நேரம் நமக்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

இசையும் அப்படித்தான். தாளம் நிதானமாகும், சுருதி பெரிதாக மாறாது. இன்று யூடியூபில் கேலகா தொடக்க இசையைக் கேட்டுவிட்டு 'என்ன அவசர அவசரமா வாசிக்கறான்' என்று தோன்றினால், காது பொய் சொல்லவில்லை.

இலவச டிவியும் மின்வெட்டும்

தமிழ்நாட்டில் இந்தக் கருவிகளுக்கு இரண்டாவது ஆயுள் கொடுத்தது அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 2006 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு 14 அங்குல டிவி போய்ச் சேர்ந்தது. எல்லாமே பிக்சர் டியூப் வைத்த டப்பா டிவிகள். உலகம் பிளேஸ்டேஷன் 3 பக்கம் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், தறிக்கூடமும் கொலுசுப் பட்டறையும் இருக்கும் தெருக்களில் 1985-ஆம் ஆண்டின் கேமுக்குப் புதிதாக ஒரு டிவி கிடைத்தது.

கூடவே மின்வெட்டும் வந்தது. 2008-க்குப் பிறகான சில ஆண்டுகள், அதிலும் 2012-இல், சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. கேலகா கேசட்டில் ஸ்கோரைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. கரண்ட் போச்சுன்னா ஸ்கோரும் போச்சு. எவ்வளவு எடுத்தாலும் பார்த்தவர் சாட்சி சொன்னால்தான் உண்டு.

புது டிவியில் வேறு என்ன மாறுகிறது?

வேகம் தவிர இன்னும் இரண்டு தடைகள் இருக்கின்றன.

ஒன்று, டிவியின் தாமதம். டப்பா டிவி, வந்த சிக்னலை அப்படியே திரையில் வரைந்துவிடும். எல்.இ.டி. டிவி அதை உள்வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிப் பிறகே காட்டும். சாதாரண அமைப்பில் இந்தத் தாமதம் 50 முதல் 100 மில்லி நொடி வரை போகலாம். சினிமா பார்க்கும்போது இது தெரியாது. கேலகாவில் 50 மில்லி நொடி என்பது மூன்று படி. நாம் பார்க்கும் இடத்திலிருந்து குண்டு ஏற்கெனவே மூன்று படி நகர்ந்துவிட்டது.

இரண்டு, கையில் இருக்கும் கருவி. பழைய ஜாய்ஸ்டிக்கில் பட்டன் அழுந்துவது விரலுக்குத் தெரியும். போன் திரையில் தெரியாது. இடது விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் விண்கலம் அப்படியே நின்றுவிடும்.

அப்போ வயசுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. வயது ஏற ஏற எதிர்வினை வேகம் குறையும். ஆனால் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடையே அந்த இழப்பு நொடியில் நூறில் சில பங்குதான். டிவி வேகத்தால் பறிபோகும் 0.2 நொடியோடு ஒப்பிட்டால் இது சின்னது.

இன்னொரு நல்ல சேதியும் உண்டு. கேலகா வேகத்தை விட ஞாபகத்துக்கே அதிகம் பரிசு கொடுக்கும் கேம். எதிரிகள் திரைக்குள் நுழையும் பாதைகள் ஏற்கெனவே வகுக்கப்பட்டவை. எங்கே வரும் என்று தெரிந்தவருக்கு அவசரப்பட வேண்டிய தேவையே இல்லை. மீண்டும் தொடங்குபவர்கள் இவற்றைக் கவனித்தால் கை விரைவில் பழைய நிலைக்கு வரும்:

• எதிரிகள் வரிசையில் போய் நிற்பதற்கு முன்பே, நுழையும்போதே சுட வேண்டும். நுழைவில் பாதியைக் குறைத்தால் மீதி நிலை சுலபம்.

• ஒரு நேரத்தில் திரையில் நம் குண்டு இரண்டுதான் இருக்க முடியும். கண்டபடி பட்டனை அழுத்தினால் தேவையான நேரத்தில் குண்டு வராது. குறி தவறுவதற்கு இந்தக் கேம் விதிக்கும் அபராதம் இது.

• இரட்டைக் கலத்தை முதல் ஒன்றிரண்டு நிலைகளிலேயே பெற்றுவிடுவது நல்லது. அகலம் இரண்டு மடங்கு ஆவதால் அடிபடும் ஆபத்தும் கூடும். ஆனால் அடுத்து வரும் சவால் நிலைக்கு அது பெரிய பலம்.

• 3, 7, 11 என்று நான்கு நிலைக்கு ஒருமுறை சவால் நிலை வரும். அதில் எதிரி சுடவே மாட்டான். 40-ஐயும் வீழ்த்தினால் 10,000 புள்ளி. பாதைகளை மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல இடம் இல்லை.

• மூலையில் ஒதுங்கி நிற்கக் கூடாது. தப்பிக்க ஒரு பக்கம்தான் இருக்கும்.

மறுபடியும் விளையாட என்ன வழி?

முறையான வழி, நாம்கோவின் வாரிசான பண்டாய் நாம்கோ வெளியிட்ட தொகுப்புகள். 2020-இல் வந்த 'நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ்' இரண்டாம் தொகுதியில் ஃபேமிகாம் கேலகாவும் பேட்டில் சிட்டியும் சேர்ந்தே இருக்கின்றன. கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு அது வந்தது. நின்டெண்டோ 2016-இல் விற்ற சின்ன 'என்.இ.எஸ். கிளாசிக்' பெட்டிக்குள்ளும் கேலகா உண்டு. இவை ஓடுவது 60 துடிப்பில். டிவியில் 'கேம் மோட்' என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் தாமதம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கும் 'ரெட்ரோ' பெட்டிகளும் எச்.டி.எம்.ஐ. குச்சிகளும் அன்றைய நகல்களின் பேரப்பிள்ளைகள். உள்ளிருக்கும் கேம்களுக்குப் பெரும்பாலும் உரிமம் இருக்காது. ஃபேமிகாம் கருவியின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பெட்டியைச் செய்வது ஒரு விஷயம். கேமின் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருப்பது வேறு விஷயம். கேம் கோப்புகளை இணையத்தில் இருந்து இறக்குவதற்கும் இதே சிக்கல் பொருந்தும்.

பழைய வேகமே வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. எஃப்.சி.இ.யு.எக்ஸ்., மெசன் போன்ற இலவச எமுலேட்டர் மென்பொருள்களில் 'டெண்டி' என்று தனி அமைப்பு உண்டு. 50 துடிப்பில் ஓடிய நகல் கருவிகளின் நடத்தையை அது அப்படியே திரும்பச் செய்கிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. கேலகாவின் தொடக்க இசையை இரண்டு அமைப்பிலும் ஓட விட்டு, போனில் உள்ள ஸ்டாப்வாட்சால் அளந்தால், ஐந்துக்கு ஆறு என்ற விகிதம் கிடைக்கும்.

பரணில் பழைய பெட்டி இருந்தால்?

முதலில் அடாப்டரைப் பார்க்க வேண்டும். வோல்ட் அளவும், முனையின் பிளஸ், மைனஸ் திசையும் கருவிக்குக் கருவி மாறும். கையில் கிடைத்த அடாப்டரைச் செருகினால் சில்லு போய்விடும்.

படம் வரவில்லை என்றால் கேசட்டை எடுத்து ஊதிப் போடுவது எல்லோரும் செய்தது. உண்மையில் பலன் தந்தது ஊதியதல்ல, கழற்றி மாட்டியது. தொடுமுனை புதிதாகப் பட்டதால் படம் வந்தது. ஊதும்போது படியும் ஈரம் நாளடைவில் முனையை அரிக்கவே செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்துக் காயவிட்டால் போதும்.

டப்பா டிவியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். உடைத்துப் போடுவதும் ஆபத்து. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

ஏன் இதெல்லாம் முக்கியம்?

கேலகா அழியப் போவதில்லை. ஜப்பானின் ஆர்கேட் கேலகாவும் அமெரிக்காவின் என்.இ.எஸ். கேலகாவும் தொகுப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இந்தச் சமவெளியில் ஒரு தலைமுறை விளையாடியது அவை இரண்டும் அல்ல. உரிமம் இல்லாத பெட்டி, பொய் எண் போட்ட கேசட், பி.ஏ.எல். டிவி, ஆறில் ஒரு பங்கு மெதுவான இசை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த கேலகா. நகல் என்பதால் அதைப் பாதுகாக்க எந்த நிறுவனமும் முன்வராது. அது மிச்சமிருப்பது பரணில் தூங்கும் சில பெட்டிகளில். பழைய இரும்புக்காரர் ஒவ்வொரு முறை தெருவுக்குள் வரும்போதும் அந்த எண்ணிக்கை கொஞ்சம் குறைகிறது.

எனவே வீட்டில் அப்படியொரு பெட்டி இருந்து, அது இன்னும் ஓடுகிறது என்றால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ஆட்டத்தையாவது போனில் வீடியோ எடுத்து வைக்கலாம். கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தையும், உள்ளே ஓடும் பட்டியலையும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. நம்ம ஊரில் கேலகா எந்த வேகத்தில் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி.